மார்ச்சில் வந்த கோடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரிலுள்ள மகள் வீட்டில் கழித்ததைப் பற்றியும், பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் மழைமானி பார்த்த பழக்கத்தால் அங்கும் நாள்தோறும் ஒரு நோட்டில் வானிலைக் குறிப்பு எழுதி வந்ததைப் பற்றியும் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நோட்டிலிருந்த எண்களைப் பின்னால் நானே அடித்துவிட்டேன், ஓரத்தில் எழுதிய குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன் என்று அதில் ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியையும் அந்த மாதத்தையும் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: “27 டிகிரி செல்சியஸைக் கண்டு அந்த ஊரே வியந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது எங்களுக்கு மார்கழிப் பகல். இதில் வியக்க என்ன இருக்கிறது?” (வாசகர், திருநெல்வேலி)

நியாயமான கேள்வி. ஆனால் மிச்சிகனின் மார்ச் நம் பங்குனியைப் போன்றதன்று. அது காலண்டரில் மட்டும் வசந்தமாக இருக்கும் மாதம். வடக்கே ஏரிகளின் மேல் பனிப்பாளம் உடையாமல் கிடக்கும். தெற்கே உள்ள ஆன் ஆர்பரில்கூடப் பகல் வெப்பம் ஏழெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டால் மக்கள் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். அப்படிப்பட்ட மாதத்தில், 14ஆம் தேதி தொடங்கி 22ஆம் தேதி வரை, வெயில் ஜூன் மாதத்து வெயிலாக இருந்தது. அந்த ஒன்பது நாளும் சிகாகோ நகரில் அந்தந்தத் தேதிக்குரிய பழைய உச்சம் முறியடிக்கப்பட்டது.

வெப்பத்தின் அளவைக் காட்டிலும், பழைய உச்சத்துக்கும் புதிய உச்சத்துக்கும் இடையே விழுந்த தூரமே என்னை வியக்க வைத்தது. நூறாண்டுப் பதிவுள்ள ஊரில் ஒரு நாளின் உச்சம் முறியடிக்கப்படும்போது, வழக்கமாக ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடும். வடக்கு மிச்சிகனில் பெல்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. குளிருக்குப் பேர்போன இடம். அங்கே மார்ச் 22ஆம் தேதிக்கு அதுவரை இருந்த உச்சம் 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 11.7 டிகிரி செல்சியஸ். அன்று பதிவானது 85 டிகிரி ஃபாரன்ஹீட், 29.4 டிகிரி செல்சியஸ். ஒரே தாவலில் 32 டிகிரி ஃபாரன்ஹீட் கூடியது. நாடு முழுவதும் அந்த மாதம் முறிந்த நாள்கணக்கு உச்சங்கள் 15,000க்கும் அதிகம். அவற்றில் ஏறக்குறையப் பாதி, இரவின் வெப்பத்தைக் குறித்தவை. இரவின் குறைந்த வெப்பமே அந்தத் தேதியின் பழைய பகல் உச்சத்தை எட்டிய அல்லது தாண்டிய நிகழ்ச்சிகள் மட்டும் 21 பதிவாயின. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களின் சராசரி 51.1 டிகிரி ஃபாரன்ஹீட். இருபதாம் நூற்றாண்டின் மார்ச் சராசரியைவிட 8.6 டிகிரி கூடுதல். 1895இல் தொடங்கும் அந்த வரிசையில் அதற்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது 1910ஆம் ஆண்டு மார்ச். திருநெல்வேலிக்காரருக்கு இந்த எண்கள் குளிர்ச்சியாகத்தான் தெரியும். மார்கழியில் ஒரு நாள் உங்கள் ஊரில் வெயில் 45 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவதாக எண்ணிப்பாருங்கள். அந்தத் தாவல்தான் பெல்ஸ்டனில் நடந்தது.

கேள்வி: “பல ஆண்டு அனுபவம் உள்ளவர் எழுதிய எண்களை ஏன் அடிக்க வேண்டும்? அவற்றில் என்ன பிழை?” (வாசகர், கோயம்புத்தூர்)

பிழை முழுவதும் என்னுடையது. கடையில் வாங்கிய ஒரு பெரும-சிறும வெப்பமானியை மாடிப் பலகணியின் மேற்குச் சுவரில் மாட்டினேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்க வசதியாக இருந்தது என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு தகுதி இல்லை. பிற்பகல் வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. வெயில் போன பிறகும் செங்கல் சுவர் சூட்டை விட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே நான் எழுதியது காற்றின் வெப்பமே அன்று, சுவரின் வெப்பம். பள்ளியில் மாணவர்களுக்கு ஸ்டீவன்சன் பெட்டியைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய ஒருவன் இதைச் செய்தான் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெள்ளை பூசிய மரப்பெட்டி, நாலா பக்கமும் காற்று புகும் சாய்சட்டங்கள், அடியில் புல்தரை, அருகில் சுவரோ மரமோ இல்லாத திறந்த இடம் ஆகியவை இல்லாமல் எடுத்த அளவை அடுத்த ஊர் அளவோடு ஒப்பிட முடியாது.

அந்நாட்டில் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கூட்டுறவு நோக்கர் திட்டம் என்று பெயர். 1890இல் வானிலைத் துறை இராணுவத்தின் கையிலிருந்து வேளாண்மைத் துறைக்கு மாறியபோது முறையாக அமைக்கப்பட்டது. உழவர்கள், பள்ளிகள், நீரேற்று நிலையங்கள், ஓய்வுபெற்ற தம்பதியர் என்று பலரும் வீட்டுப் பின்புறத்தில் அரசு தந்த கருவிகளை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் பெரும வெப்பம், சிறும வெப்பம், மழை, பனி ஆகியவற்றைக் குறித்து அனுப்புகிறார்கள். அவர்களுடைய மழைமானியின் வாய் எட்டு அங்குல விட்டமுள்ளது; உள்ளே இருக்கும் அளவைக் குழாயின் பரப்பு அந்த வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஓர் அங்குல மழை குழாயில் பத்து அங்குல உயரம் நிற்கும், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கையும் கண்ணால் படித்துவிடலாம். இந்த எளிய தந்திரத்தைக் கண்டு எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும வெப்பத்தைக் காட்டும் குறிமுள்ளை மாலை ஐந்து மணிக்குப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்த நேரத்தில் இன்னும் வெயில் இருந்தால், முள் அப்போதைய வெப்பத்திலேயே மறுபடி நிற்கும். மறுநாள் குளிர்ந்துவிட்டாலும் அது கீழே இறங்காது. மறுநாள் மாலை நீங்கள் படிப்பது முந்தைய நாளின் வெப்பத்தை. ஆக, ஒரு வெயில் நாள் இரண்டு நாளாகக் கணக்கில் ஏறிவிடும். காலையில் படிப்பவருக்கு இதே விபத்து தலைகீழாக நேரும்; ஒரு குளிர்ந்த விடியற்காலை இரண்டு நாள் சிறும வெப்பமாகப் பதிவாகும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பல தொண்டர்கள் மாலை நேரத்திலிருந்து காலை நேரத்துக்கு மாறினார்கள். பகல் வெயிலில் ஆவியாகும் முன்பே மழைநீரை அளப்பது நல்லது என்பது அதற்கு ஒரு காரணம். அந்த மாற்றத்தால் மட்டுமே பழைய வரிசையில் ஒரு பொய்க் குளிர்ச்சி நுழைந்தது; ஆய்வாளர்கள் பின்னால் அதைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. நானோ, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த பிறகு, நினைவு வந்த நேரத்தில் படித்தேன். அடித்தது சரிதானே?

கேள்வி: “வெயில் மாதம் என்கிறீர்கள், புயல் மாதம் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சேரும்?” (வாசகி, சென்னை)

இரண்டும் ஒரே காற்றின் வேலை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று தடையின்றி வடக்கே ஏறியதால்தான் வெப்பம் வந்தது. அந்த ஈரக்காற்று தரையோடு இருக்க, மேலே வறண்ட குளிர்காற்று ஓட, இன்னும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் எனப்படும் அதிவேகக் காற்று ஆறுபோல வேறு திசையில் பாய, கீழுள்ள காற்று குதித்து எழும்பும். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால் எழும்பும் மேகமே சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சி தரையைத் தொட்டால் டொர்னாடோ. நம் பத்திரிகைகள் இதையும் சூறாவளி என்றே எழுதுகின்றன. கடலில் பிறந்து நாள்கணக்கில் நகரும் புயல் வேறு, சில நிமிடங்கள் நின்று ஒரு தெருவை மட்டும் துடைத்துவிட்டுப் போகும் இது வேறு. ஆகவே டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

மாதத்தின் இரண்டாம் நாளே பெரிய அழிவு நேர்ந்தது. இந்தியானா, கென்டக்கி மாநிலங்களையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய டொர்னாடோ வரிசையில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். இந்தியானாவின் ஹென்றிவில் ஊரைத் தாக்கியது, சேதத்தைக் கொண்டு ஐந்து வரை தரம் பிரிக்கும் அளவுகோலில் நான்காம் தரத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 49 மைல் தூரம் தரையில் ஓடியது. அங்கிருந்த பள்ளிக்கட்டடம் சிதைந்தது; பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்ந்தது. அடுத்த சில நாள்களில் அதே இடிபாடுகளின் மேல் பனி பெய்தது. மாதத்தின் சராசரியை மட்டும் படிப்பவருக்கு இந்தப் பனி தெரியவே தெரியாது.

எங்கள் பக்கத்தில் 15ஆம் தேதி. என் நோட்டின் ஓரத்தில் அன்று இவ்வளவுதான் இருக்கிறது: “பகல் புழுக்கம், ஊரில் ஐப்பசிக்கு முந்தைய புழுக்கம் போல. மாலை மேற்கே வானம் பச்சை கலந்த கறுப்பு. ஆலங்கட்டி. சைரன். நிலவறை.” ஆலங்கட்டியை நான் ஊரிலும் பார்த்திருக்கிறேன், சைரன் புதிது. மகள் எங்களை நிலவறைக்குள் இறக்கிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பத்து மைல் தொலைவில் இருந்த டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் மூன்றாம் தரத்து டொர்னாடோ இறங்கி, நூறு வீடுகளுக்கு மேல் சேதப்படுத்திவிட்டுப் போயிருந்தது. ஒருவரும் இறக்கவில்லை. சைரனும் நிலவறையும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது என் கருத்து. மிச்சிகனில் மார்ச் நடுவில் இத்தகைய டொர்னாடோவை எதிர்பார்ப்பவர் யாரும் இல்லை. அதற்குத் தேவையான ஈரமும் சூடும் வழக்கமாக அங்கே வந்து சேர மேலும் சில வாரங்கள் ஆகும். அந்த ஆண்டு அவை முன்னதாகவே வந்துவிட்டன.

எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த மாதம் முடிந்ததும் வெளியான முதற்கட்ட அறிக்கையில் டொர்னாடோ பற்றிய தகவல்கள் 223 என்று இருந்தன. மார்ச்சின் சராசரியோ 80. ஒரே டொர்னாடோவை மூன்று ஊர்க்காரர்கள் தனித்தனியே தெரிவித்திருப்பார்கள் அல்லவா? நேரில் சென்று சரிபார்த்த பின் அந்த எண்ணிக்கை 154 ஆகக் குறைந்தது. அதுவும் சராசரிக்கு இரு மடங்குக்குச் சற்றே குறைவுதான்.

கேள்வி: “இது புவி வெப்பமாதலால் நேர்ந்ததா? ஆம், இல்லை என்று சொல்லவும்.” (வாசகர், யாழ்ப்பாணம்)

ஒரே சொல்லில் சொன்னால் தவறாகிவிடும். அந்த மாதம் ஜெட் காற்றோட்டம் நாட்டின் கிழக்குப் பாதியில் வடக்கே வெகுவாக வளைந்து, மேற்கே தெற்கு நோக்கித் தாழ்ந்து, அப்படியே பல நாள் அசையாமல் நின்றது. வளைவின் கீழ் கிழக்கே கோடை; தாழ்வின் கீழ் மேற்குக் கடற்கரை மாநிலங்கள் வழக்கத்தைவிடக் குளிர்ச்சி. அலாஸ்காவுக்கு அது மிகக் குளிர்ந்த மார்ச் மாதங்களில் ஒன்று. மேலும், அதற்கு முந்தைய குளிர்காலமே மிதமானது; தரையில் பனி குறைவு. பனி கிடந்திருந்தால் சூரிய வெப்பத்தின் பெரும்பகுதி அதை உருக்குவதிலேயே செலவாகியிருக்கும். வெறுந்தரையாக இருந்ததால் அது நேரே காற்றைச் சூடாக்கியது. அரசு வானிலை ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்து, தெற்கிலிருந்து வந்த காற்றே வெப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்றும், புவி வெப்பமாதல் அதன் மேல் ஒரு சிறு பங்கைக் கூட்டியது என்றும் சொன்னார்கள். 1910இலும் இதற்கு அரை டிகிரி ஃபாரன்ஹீட் மட்டுமே குறைந்த மார்ச் ஒன்று வந்ததை மறக்கக் கூடாது. தனி ஒரு மாதத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதைவிட, நூறாண்டு வரிசையின் போக்கைப் பார்ப்பதே முறை.

கேள்வி: “நான் அப்போது டெட்ராய்ட்டில் இருந்தேன். எங்களுக்கு அது அழகான மாதமாகவே நினைவிருக்கிறது. செர்ரி விவசாயிகள் அழிந்தார்கள் என்று எழுதியது மிகையில்லையா?” (வாசகி, இப்போது பெங்களூரில்)

அழகான மாதம்தான், அம்மா, நானும் மறுக்கவில்லை. 20ஆம் தேதிக் குறிப்பில், தெருமுனை மக்னோலியா பூத்துவிட்டது என்றும், இரவில் குளத்துத் தவளைகள் தூங்க விடவில்லை என்றும் மகிழ்ச்சியோடுதான் எழுதியிருக்கிறேன். அதே நாளில் வாஷிங்டனில், 1912இல் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய செர்ரி மரங்களின் நூற்றாண்டு விழாத் தொடக்கத்திலேயே, பூக்கள் உச்சத்தை அடைந்துவிட்டன. ஐந்து வாரம் நடக்க வேண்டிய விழாவின் பெரும்பகுதிக்கு இலைகளே மிஞ்சின.

மிச்சிகனில் இது வேடிக்கையாக முடியவில்லை. நாட்டின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி அந்த மாநிலத்தின் வடமேற்குக் கரையில் விளைகிறது. அந்த மரம் குளிர்காலத்தில் உறங்கும்போது மொட்டு எத்தனையோ டிகிரி உறைகுளிரைத் தாங்கும். ஆனால் போதுமான குளிர்நேரத்தைக் கடந்த பிறகு சூடு பட்டால் உறக்கம் கலைந்துவிடும். மொட்டு ஒவ்வொரு படியாக விரிய விரியக் குளிரைத் தாங்கும் வலிமை குறைந்துகொண்டே வரும். முழுதாக விரிந்த செர்ரிப் பூ, 28 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரைமணி நேரம் நின்றால் பத்தில் ஒன்று சாகும். 25 டிகிரியில் பத்தில் ஒன்பது சாகும். இடைவெளி மூன்றே டிகிரி. மார்ச் வெயில் மரங்களை ஒரு மாதம் முன்னதாக எழுப்பிவிட்டது. ஏப்ரலோ வழக்கமான ஏப்ரலாகவே வந்தது. அந்த மாதத்தில் உறைபனி இரவுகள் அடுத்தடுத்து விழுந்தன. ஒவ்வோர் இரவும் அந்தப் பருவத்துக்கு இயல்பானதே. முன்னதாக விழித்த மரத்துக்கு மட்டுமே அது கொலைக்குளிர். புளிப்புச் செர்ரி விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. ஆப்பிளிலும் பெரும்பகுதி போயிற்று. உறைபனி இரவுகளில் தரையோடு தங்கும் குளிர்காற்றை மேலேயுள்ள சற்றே சூடான காற்றோடு கலப்பதற்காகத் தோட்டங்களில் பெரிய விசிறிகளைச் சுழற்றினார்கள். மேலேயும் குளிராக இருக்கும் இரவில் விசிறியால் பயன் இல்லை.

டெட்ராய்ட் நகரவாசிக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. கடையில் செர்ரி டப்பா விலை கூடியிருக்கும். காரணத்தை யார் தேடுவார்கள்? மார்ச் குறிப்பையும் ஏப்ரல் குறிப்பையும் அடுத்தடுத்துப் படித்தால்தான், பூத்ததும் கருகியதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று புரிகிறது. ஏப்ரல் சராசரியைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கேள்வி: “‘தெருமுனை மக்னோலியா பூத்தது’ என்பதையெல்லாம் விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொள்வார்களா?” (வாசகர், தஞ்சாவூர்)

ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இதே 2012ஐ வைத்தே. மாசச்சூசெட்ஸின் கான்கார்ட் ஊரில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1852 முதல் 1858 வரை எந்தக் காட்டுச் செடி எந்த நாளில் முதற்பூ பூத்தது என்று குறித்து வைத்திருந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் இயற்கை ஆய்வாளர் ஆல்டோ லியோபோல்ட் 1935 முதல் 1945 வரை அதையே செய்தார். இருவரும் பார்த்த அதே இனங்களை 2010இலும் 2012இலும் அதே பகுதிகளில் பார்த்த ஆய்வாளர்கள், பூக்கும் நாள் சராசரியாக மூன்று வாரம் அளவுக்கு முன்னே நகர்ந்திருப்பதைக் கண்டு, 2013இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தோரோ காலத்தில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தேதியையும் செடியின் பெயரையும் ஐயமில்லாமல் எழுதியிருந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. என் மக்னோலியாவுக்கு அந்த மதிப்பு இல்லை. அந்த மரத்தை முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் நான் பார்க்கவில்லை. ஆனால் மேற்குச் சுவரில் தொங்கிய என் வெப்பமானியைவிட அது நேர்மையான கருவி.

கேள்வி: “நானும் எங்கள் ஊரில் குறிப்பு எழுத விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?” (மாணவி, திருவாரூர்)

வெப்பமானியை இப்போதைக்கு விட்டுவிடு, அம்மா. அதற்குப் பெட்டியும் இடமும் வேண்டும். மழைமானி ஒன்றை மரத்துக்கும் சுவருக்கும் விலகித் திறந்த இடத்தில் மட்டமாக வை. நம் நாட்டில் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆகவே அந்த நேரத்தில் அளந்து, அன்றைய தேதிக்கு நேராக எழுது. ஓரத்தில் வேப்பம்பூ உதிர்ந்த நாள், கொன்றை பூத்த நாள், முதல் இடி கேட்ட நாள் ஆகியவற்றை, ஒவ்வோர் ஆண்டும் அதே மரத்தைப் பார்த்து எழுது. மழை இல்லாத நாளில் மறக்காமல் 0.0 என்று போடு. கட்டத்தைக் காலியாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா அல்லது நீ போய்ப் பார்க்கவில்லையா என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.